ஊசி அட்டை, மருந்துச் சீட்டு, பள்ளி நர்ஸ்: கலிபோர்னியா பெற்றோர் கேள்வி – பதில்

ஜூலை பிறந்தாலே கலிபோர்னியாவில் இருக்கும் வாசகர்களும், அங்கே கிளம்பிக்கொண்டிருக்கும் வாசகர்களும் கேட்பது ஒன்றைத்தான்: ஆகஸ்டில் பள்ளி திறக்கிறது, ஊசிக்கும் மருந்துக்கும் என்னென்ன காகிதம் வேண்டும்? இந்த முறை அந்தக் கடிதங்களை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறோம். அமெரிக்காவில் இந்த விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸிலோ நியூ ஜெர்சியிலோ இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கே: மகளுக்கு 4 வயது 9 மாதம். கோவையில் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு ஊசி விடாமல் போட்டிருக்கிறோம். சன்னிவேல் பள்ளியில் சேர்க்கப் போனால் "பாதி ஊசி இல்லை" என்கிறார்கள். அட்டை நிரம்பித்தானே இருக்கிறது?

அட்டை நிரம்பியிருப்பது உண்மை. அது இந்திய அட்டவணைக்கு நிரம்பிய அட்டை. கலிபோர்னியா பள்ளி கேட்பது ஐந்து வகை: டிடிஏபி எனும் முத்தடுப்பு ஊசி 5 தவணை, போலியோ 4, எம்எம்ஆர் 2, ஹெபடைட்டிஸ் பி 3, சின்னம்மை 2. பிசிஜி, ரோட்டா, நிமோனியா ஊசிகளைப் பள்ளி கேட்பதில்லை. இனி உங்கள் அட்டையை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முத்தடுப்பு: 6, 10, 14 வாரங்களில் போட்ட பென்டாவேலன்ட் (முத்தடுப்பும் ஹெபடைட்டிஸ் பி-யும் அடங்கிய ஐந்து நோய் ஊசி) மூன்றும், ஒன்றரை வயதில் போட்ட பூஸ்டரும் செல்லும். ஆக நான்கு. நான்கோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றால் அவற்றில் ஒன்றாவது நாலாவது பிறந்தநாளிலோ அதற்குப் பிறகோ போட்டதாக இருக்க வேண்டும். நம் ஊரில் இரண்டாவது பூஸ்டர் 5 வயதில்தான் வருகிறது. அதனால் உங்கள் மகளுக்கு ஒன்று பாக்கி.

எம்எம்ஆர்: அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். அரசு அட்டவணையில் 9 மாதத்திலும் 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் போடுவது எம்ஆர். அதாவது தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் மட்டுமான ஊசி; பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து அதில் கிடையாது. கலிபோர்னியா தட்டம்மைக்கு இரண்டு, பொன்னுக்கு வீங்கிக்கு இரண்டு, ருபெல்லாவுக்கு ஒன்று கேட்கிறது. போதாக்குறைக்கு, முதல் பிறந்தநாளுக்கு முன் போட்ட தவணை கணக்கிலேயே வராது. 9 மாத ஊசி அதில் அடிபட்டுப் போகிறது. ஆகவே இரண்டு எம்எம்ஆர், குறைந்தது 28 நாள் இடைவெளியில். தட்டம்மைக்கு ஒன்று கூடுதலாகப் போய்விடுமே என்று கவலை வேண்டாம், அதனால் கெடுதல் இல்லை.

தனியார் குழந்தை மருத்துவரிடம் போட்டவர்களின் அட்டையில் 9 மாதம், 15 மாதம், 4 முதல் 6 வயது என மூன்று எம்எம்ஆர் இருக்கலாம். அப்போது பின்னிரண்டும் செல்லும், பாக்கி இல்லை. ஸ்டிக்கரில் "ட்ரெசிவாக்" என்றிருந்தால் அது எம்எம்ஆர். "எம்ஆர்-வேக்" என்றிருந்தால் எம்ஆர்.

சின்னம்மை: அரசு அட்டவணையில் இந்த ஊசியே இல்லை. இரண்டும் போட வேண்டும். 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு நடுவில் 3 மாத இடைவெளி. "இரண்டு வயசிலேயே அம்மை போட்டுவிட்டது" என்று பெற்றோர் வாயால் சொல்வதைப் பள்ளி ஏற்காது. ஏற்கெனவே வந்த பிள்ளைக்கு ஊசி போட்டாலும் தீங்கில்லை. சான்று தேடி அலைவதைவிட அதுவே சுலபம்.

போலியோ: 2016 ஏப்ரல் 1 முதல் கொடுத்த சொட்டு மருந்தை அமெரிக்க மருத்துவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. அந்தத் தேதிக்குப் பிறகு உலகம் முழுக்க மூன்று வகை வைரஸுக்கான சொட்டு மருந்து நின்று, இரு வகைக்கானது வந்ததுதான் காரணம். இன்று தொடக்கப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் அநேகமாக எல்லாருடைய சொட்டு மருந்தும் இதில் போய்விடுகிறது. மிஞ்சுவது ஐபிவி ஊசிகள். அதிலும் அரசு நிலையங்களில் தோலுக்குள் 0.1 மில்லி போடுவார்கள். தசையில் போடும் முழு அளவு 0.5 மில்லி. உங்கள் அட்டையில் இருப்பது எது என்பது தெளிவாகத் தெரிந்தால்தான் மருத்துவர் பாக்கியைக் கணக்கிட முடியும். எப்படிக் கணக்கிட்டாலும் 4 வயதுக்குப் பிறகு ஒரு ஐபிவி உண்டு.

ஹெபடைட்டிஸ் பி: பள்ளிக்கு எண்ணிக்கை போதும். ஆனால் கடைசித் தவணை 24 வாரம் நிறைந்த பிறகு போட்டிருக்க வேண்டும் என்பது அமெரிக்க மருத்துவர்களின் கணக்கு. 14 வாரத்தோடு முடிந்த அட்டையைப் பார்த்து அவர் இன்னொன்று போடலாம் என்றால் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம்.

இவ்வளவையும் முடித்துவிட்டுத்தான் பள்ளியில் காலடி வைக்க முடியுமா என்றால், இல்லை. எல்லா வகையிலும் தொடங்கியிருக்க வேண்டும், இன்றைய தேதியில் போடவேண்டிய தவணை எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது. அப்படியிருந்தால் நிபந்தனையின் பேரில் சேர்த்துக்கொள்வார்கள். அதாவது ஒரே நாளில் எம்எம்ஆர், சின்னம்மை, டிடிஏபி, ஐபிவி நான்கையும் போட்டுவிட்டால் மறுநாள் சேர்க்கலாம். அடுத்த தவணைகளுக்குப் பள்ளி கெடு தேதி கொடுக்கும். தேதி தாண்டினால் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், கெஞ்சியெல்லாம் பயனில்லை.

எம்எம்ஆரும் சின்னம்மையும் உயிருள்ள கிருமி ஊசிகள். ஒரே நாளில் போடலாம். இல்லையென்றால் 28 நாள் தள்ள வேண்டும். "இன்றைக்கு ஒன்று, அடுத்த வாரம் ஒன்று" என்று பாவம் பார்த்துப் பிரித்தால் இரண்டாவது செல்லாமல் போகும், திரும்பவும் குத்த வேண்டும்.

இன்னும் விமானம் ஏறாதவர்களுக்கு: கிளம்ப ஐந்து வாரம் இருந்தால் ஊரிலேயே தனியார் குழந்தை மருத்துவரிடம் முதல் எம்எம்ஆரையும் சின்னம்மையையும் போட்டு, 28 நாள் கழித்து இரண்டாவது எம்எம்ஆரையும் முடித்துவிடுங்கள். அமெரிக்காவில் புது நோயாளிக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகலாம்.

கே: ஊர் அட்டை தமிழில் இருக்கிறது. மொழிபெயர்ப்பு வேண்டுமா?

வேண்டும். அதைவிட முக்கியம், தேதி. நம் அட்டையில் 05/08/2021 என்றால் ஆகஸ்ட் 5. அமெரிக்க அலுவலகத்தில் அது மே 8. தேதி மூன்று மாதம் முன்னே போனால், முதல் பிறந்தநாளுக்குப் பின் போட்ட ஊசி முன்னால் போட்டதாகி, செல்லாத தவணையாகிவிடும். 12-க்கு மேற்பட்ட தேதியென்றால் கணினியே ஏற்காது, அப்போதாவது யாராவது கேட்பார்கள். 12-க்குள் இருக்கும் தேதிகள்தான் சத்தமில்லாமல் மாறிப் போகின்றன.

கிளம்பும் முன் ஊசி போட்ட இடத்தில் ஆங்கிலத்தில் ஒரு பட்டியல் வாங்குங்கள். மருந்தின் பெயர், எத்தனையாவது தவணை, தேதி, கையெழுத்து, முத்திரை. தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதச் சொல்லுங்கள். பெயரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கட்டும். பெயர் வைக்கும் முன் பிறந்த குழந்தையின் அட்டையில் தாயின் பெயர் மட்டும் இருக்கும். அதை இங்கே யாருக்கும் விளக்கிப் புரியவைக்க முடியாது. இந்திய அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான யு-வின்னில் பதிவான குழந்தை என்றால் கியூஆர் குறியீட்டுடன் சான்றிதழை அங்கேயே இறக்கிக்கொள்ளலாம். அமெரிக்காவில் முதலில் பார்க்கும் மருத்துவரிடம் பழைய ஊசிகளையும் மாநிலப் பதிவேடான கேர்-2 இல் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றிவிட்டால் பள்ளி மாறும்போதெல்லாம் அட்டையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.

கே: காசநோய்ப் பரிசோதனை கேட்கிறார்கள். பிசிஜி போட்ட பிள்ளைக்கு எதற்கு?

இது மாநில விதி அல்ல. கவுன்டி சுகாதார அதிகாரி கேட்பது. சான்டா கிளாரா கவுன்டியில் டிகே (கிண்டர்கார்ட்டனுக்கு முந்தைய வகுப்பு), கிண்டர்கார்ட்டன் சேர்க்கைக்கும், வெளியிலிருந்து மாறி வரும் பிள்ளைகளுக்கும் ஒரு படிவம் உண்டு. அமெரிக்காவில் உரிமம் பெற்ற மருத்துவர் நிரப்ப வேண்டும். இந்தியாவில் பிறந்த குழந்தை என்றாலே பரிசோதனை உண்டு.

தோலில் ஊசி போட்டுத் தடிப்பை அளக்கும் பழைய முறைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். பிசிஜி போட்டவர்களுக்கு அதில் காசநோய் இல்லாமலே தடிப்பு வரலாம். தவிர 48 மணியிலிருந்து 72 மணிக்குள் மறுபடி போய்க் காட்ட வேண்டும். இரண்டு வயது நிறைந்த பிள்ளைக்கு ஐஜிஆர்ஏ என்னும் ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். பிசிஜியால் அது குழம்பாது. ரத்தம் எடுப்பதை எம்எம்ஆர், சின்னம்மை ஊசி போடும் அன்றே, அல்லது அதற்கு முன்னே செய்யுங்கள். ஊசி போட்டுவிட்டால் அப்புறம் நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். உயிருள்ள கிருமி ஊசி இந்தப் பரிசோதனையின் முடிவைச் சில வாரத்துக்கு மங்கவைக்கும்.

பாசிட்டிவ் என்று வந்தால் மார்பு எக்ஸ்ரே. எக்ஸ்ரே சுத்தமாக இருந்து, பிள்ளைக்கு இருமல், காய்ச்சல், எடை குறைதல் எதுவும் இல்லையென்றால் அது உறங்கும் தொற்று. யாருக்கும் பரவாது, பள்ளிக்குப் போகத் தடையில்லை. மூன்று நான்கு மாத மாத்திரையைத் தவறாமல் முடியுங்கள்.

கே: ஊசி போடுவது எங்கள் குடும்ப நம்பிக்கைக்கு எதிரானது. எழுதிக் கொடுத்தால் விடுவார்களா?

விடமாட்டார்கள். 2014 டிசம்பரில் டிஸ்னிலாந்தில் தொடங்கிய தட்டம்மைப் பரவலுக்குப் பிறகு எஸ்பி 277 சட்டம் வந்தது. 2016 முதல் மத, சொந்த நம்பிக்கை விலக்கு கிடையாது. தனியார் பள்ளிக்கும் இதே கதை. மருத்துவக் காரணம் இருந்தால் மட்டும் விலக்கு. அதையும் 2021 முதல் மருத்துவர் மாநிலத்தின் இணையப் பதிவில்தான் ஏற்ற வேண்டும். லெட்டர்ஹெட்டில் எழுதிய கடிதம் செல்லாது.

கே: மகன் ஏழாம் வகுப்புக்குப் போகிறான். பத்து வயதில் மதுரையில் டிடி ஊசி போட்டோம். அது போதும்தானே?

போதாது. ஏழாம் வகுப்புக்கு வேண்டியது டிடாப். அதில் டெட்டனஸ், டிப்தீரியாவோடு கக்குவான் இருமலுக்கும் மருந்து உண்டு. ஊரில் 10 வயதிலும் 16 வயதிலும் போடுவது டிடி. கக்குவானுக்கு அதில் ஒன்றுமில்லை. காயம் பட்டபோது போட்ட டிடி ஊசியும் அப்படித்தான். ஏழாவது பிறந்தநாளிலோ அதன் பிறகோ போட்ட ஒரு டிடாப்பும், இரண்டு சின்னம்மையும் காட்ட வேண்டும். ஆறாம் வகுப்புக் கோடை விடுமுறையிலேயே போட்டுவிடுங்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வரும்.

கே: சளி பிடித்தால் ஊர் பாரசிட்டமால் சிரப்பையும், கொஞ்சம் ஆடாதோடைக் கஷாயத்தையும் பையில் வைத்து அனுப்புகிறேன். டீச்சர் திருப்பி அனுப்பிவிட்டார். வெறும் பாரசிட்டமாலுக்கு இவ்வளவு கெடுபிடியா?

ஆம். கலிபோர்னியா கல்விச் சட்டம் 49423 ஆம் பிரிவின்படி பள்ளி நேரத்தில் ஒரு மருந்தைக் கொடுக்க இரண்டு எழுத்து வேண்டும்: மருத்துவருடையது ஒன்று, பெற்றோருடையது ஒன்று. கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் மருந்தாக இருந்தாலும் பள்ளி மாவட்டங்கள் இதையே கேட்கின்றன. இருமல் மிட்டாய், கண் சொட்டு, கஷாயம், லேகியம் எல்லாம் இதில் அடங்கும். ஊர் மருத்துவரின் சீட்டு இங்கே ஏறாது; சித்த வைத்தியர் சீட்டும்தான். கஷாயத்தைக் காலையில் வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு வேளை மருந்து என்றால் பள்ளியை இதில் இழுக்கவே வேண்டாம். மூன்று வேளை என்றாலும் காலை, பள்ளி விட்டதும், படுக்கும்போது என்று பிரிக்க முடியுமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்கக் குழந்தைகள் பாரசிட்டமால் சிரப், இங்கே அசிட்டமினோஃபென் என்று பெயர், 5 மில்லியில் 160 மி.கி. ஊரிலிருந்து கொண்டுவரும் பாட்டிலில் 5 மில்லிக்கு 120 மி.கி. இருக்கலாம், 250 மி.கி.யும் இருக்கலாம். 17 கிலோ பிள்ளைக்கு அமெரிக்க லேபிள்படி 7.5 மில்லி, அதாவது 240 மி.கி. ஊரின் 250 பாட்டிலிலிருந்து அதே 7.5 மில்லியை ஊற்றினால் 375 மி.கி. போய்விடும். பள்ளியில் நர்ஸ் ஒரு பாட்டிலைப் பார்த்து, வீட்டில் பாட்டி இன்னொரு பாட்டிலைப் பார்த்து மாற்றி மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எடையும் இங்கே பவுண்டில்: 20 கிலோ என்றால் 44 பவுண்ட். படிவத்தில் 20 என்று மட்டும் எழுதி அலகை விட்டுவிடாதீர்கள். நிமெசுலைட் உள்ள காய்ச்சல் மருந்தைச் சிலர் இன்னும் பெட்டியில் கொண்டுவருகிறார்கள். அது அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டதே இல்லை. இந்தியாவிலும் 2011 முதல் 12 வயதுக்குக் கீழ் தடை. தூக்கிப் போடுங்கள்.

உண்மையிலேயே பள்ளியில் கொடுக்க வேண்டிய மருந்து என்றால், பள்ளி அலுவலகத்தில் படிவம் வாங்கி மருத்துவரிடம் கொடுங்கள். மருந்தின் பெயர், அளவு, எந்த வழியாக, எத்தனை மணிக்கு என்று நான்கும் இருக்க வேண்டும். "தேவைப்பட்டால்" என்று மட்டும் எழுதிய படிவம்தான் அடிக்கடி திரும்பி வரும். என்ன அறிகுறிக்கு, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை தடவை என்று எழுதச் சொல்லுங்கள். பார்மசியில் மருந்து வாங்கும்போதே "பள்ளிக்கு ஒரு தனி பாட்டில், லேபிளோடு" என்று கேட்டால் பிரித்துத் தருவார்கள். மாத்திரையை ஜிப்லாக் பையில் போட்டு அனுப்பினால் தொடக்கூட மாட்டார்கள். பெரியவர் ஒருவர் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கவனக்குறைபாட்டுக்கான மெத்தில்ஃபெனிடேட் போன்ற கட்டுப்பாட்டு மருந்தென்றால் உங்கள் எதிரிலேயே எண்ணி இருவரும் கையெழுத்துப் போடுவீர்கள். இதெல்லாம் ஒரு கல்வியாண்டுக்கு மட்டும். மே, ஜூனில் மிச்சத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், வாங்காததை அழித்துவிடுவார்கள்.

கே: காலையில் லேசாகக் காய்ச்சல் இருந்தது. டைலனால் (இங்கே விற்கும் பாரசிட்டமால்) கொடுத்து அனுப்பினால் என்ன?

பதினோரு மணிக்கு ஃபோன் வரும். மருந்தின் வேலை நான்கிலிருந்து ஆறு மணி நேரம்தான். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ இருந்தால் காய்ச்சல்; மருந்து இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இறங்கியிருந்தால்தான் பள்ளி.

கே: ஆஸ்துமா உள்ள மகனுக்கு ஊரில் வாங்கிய அஸ்தாலின் இன்ஹேலர் கைவசம் ஆறு இருக்கிறது. அதையே பள்ளியில் கொடுக்கலாமா?

மருந்து ஒன்றுதான். இந்தியாவில் சால்ப்யூட்டமால் என்பதையே இங்கே ஆல்ப்யூட்டெரால் என்கிறார்கள். ஊர் டப்பாவில் ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம், இங்கே 90 என்றிருப்பதும் வலு வேறுபாடு இல்லை. வால்விலிருந்து வெளிவருவதை அவர்கள் அளக்கிறார்கள், வாய்ப்பகுதியிலிருந்து வெளிவருவதை இவர்கள் அளக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனாலும் பிள்ளையின் பெயர் போட்ட அமெரிக்க பார்மசி லேபிள் இல்லாததால் பள்ளி அதை ஏற்காது. வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கு ஓர் இன்ஹேலரும், அதன் வாயில் மாட்டும் குழாயான ஸ்பேசர் ஒன்றும் கொடுங்கள். ஸ்பேசர் இல்லாமல் சின்னப் பிள்ளை அடித்துக்கொண்டால் மருந்தில் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டி நின்றுவிடும். பள்ளி டப்பா பல வாரம் சும்மா கிடக்கும் என்பதை நர்ஸிடம் சொல்லிவையுங்கள். 14 நாளுக்கு மேல் தொடாமல் இருந்தால், டப்பாவோடு வரும் தாளில் சொன்னபடி மூன்று அல்லது நான்கு தடவை காற்றில் அடித்துவிட்டுத்தான் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் முதல் அழுத்தில் முழு அளவு வராது. கவுன்டரில் பூஜ்யம் வந்த பிறகும் டப்பா "புஸ்" என்று சத்தம் போடும். உள்ளே மருந்து இருக்காது.

மருத்துவரிடம் ஆஸ்துமா செயல்திட்டம் எழுதி வாங்குங்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறத்தில் இருக்கும் ஒரு தாள். ஊதும் மூச்சின் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ கருவி வைத்திருப்பவர்களுக்கு, பிள்ளையின் சிறந்த அளவில் 80 சதத்துக்கு மேல் பச்சை, 50க்குக் கீழே சிவப்பு. உடற்பயிற்சி வகுப்புக்கு கால்மணி நேரம் முன்பு அடிக்க வேண்டுமா, காட்டுத்தீப் புகை நாட்களில் உள்ளேயே இருத்த வேண்டுமா என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். மகன் பெரியவன், தானே பையில் வைத்துக்கொள்வான் என்றால் சட்டம் இடம் தருகிறது. அவனுக்குத் தானே பயன்படுத்தத் தெரியும் என்று மருத்துவர் எழுத வேண்டும், நீங்களும் கையெழுத்திட வேண்டும். அப்படியிருந்தாலும் இரண்டாவது ஒன்று நர்ஸ் அறையில் இருக்கட்டும்.

கே: மகளுக்கு முந்திரியும் எள்ளும் ஆகாது. வகுப்பில் "நட் ஃப்ரீ" அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். அது போதுமா?

அந்த அறிவிப்பு எள்ளைத் தடுக்காது. அமெரிக்காவில் எள் ஒன்பதாவது முக்கிய ஒவ்வாமைப் பொருளாகி, 2023 ஜனவரி முதல் கட்டாயம் லேபிளில் வருகிறது. ஆனால் நம் வீட்டு டப்பாவுக்கு லேபிள் ஏது? பக்கத்து இருக்கைத் தமிழ்ப் பிள்ளையின் இட்லிப் பொடியில் வறுத்த எள் இருக்கும், அதைக் குழைத்த நல்லெண்ணெயும் எள்தான். செக்கில் ஆட்டிய எண்ணெயில் ஒவ்வாமை தரும் புரதம் தங்கியிருக்கும். நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் அது அநேகமாகப் போய்விடும். மரச்செக்கு எண்ணெய்க்கு மாறிய குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். முந்திரி பொங்கலிலும் கேசரியிலும் கண்ணுக்குத் தெரியும். குருமாவிலும் பனீர் மசாலாவிலும் அரைத்துக் கலந்திருப்பது தெரியாது. முந்திரி ஆகாதவர்களில் பெரும்பாலோருக்குப் பிஸ்தாவும் ஆகாது, மருத்துவரிடம் கேட்டு அதையும் எழுதுங்கள். படிவத்தில் "நட்ஸ்" என்று பொதுவாக எழுதாமல் ஒவ்வொரு பொருளையும் பெயர் சொல்லி எழுதவேண்டும்.

கடும் ஒவ்வாமைக்கான அவசர ஊசி எபிநெஃப்ரின்: 15 முதல் 30 கிலோ வரை 0.15 மி.கி., அதற்கு மேல் 0.3 மி.கி.; 25 கிலோ தாண்டியதுமே பெரிய அளவுக்கு மாற்றும் மருத்துவர்களும் உண்டு. போன வருடப் படிவத்தை அப்படியே புதுப்பித்தால் பிள்ளை வளர்ந்ததை யாரும் கவனிக்க மாட்டார்கள். இரண்டு ஊசி சேர்ந்த பெட்டியாகத்தான் வரும். பிரித்து ஒன்றை வீட்டிலும் ஒன்றைப் பள்ளியிலும் வைக்காதீர்கள். முதல் ஊசிக்கு ஐந்து நிமிடத்தில் அடங்கவில்லை என்றால் இரண்டாவது வேண்டும். காரில் வைத்தால் வெயிலில் மருந்து கெடும், ஃப்ரிட்ஜிலும் வைக்கக் கூடாது.

எபிபென் (எபிநெஃப்ரின் ஊசிப் பேனா) போடும் முறை வகுப்பாசிரியருக்கும் தெரிந்திருக்க வேண்டும். முஷ்டியாகப் பிடித்து, நீல மூடியை நேராக மேலே இழுத்து எடுத்து, ஆரஞ்சு முனையைத் தொடையின் வெளிப்பக்க நடுவில் "க்ளிக்" கேட்கும்வரை அழுத்தி, 3 விநாடி பிடிக்க வேண்டும். துணி மேலேயே போடலாம். பாக்கெட்டில் காசோ கைபேசியோ இருந்தால் எடுத்துவிட வேண்டும். கட்டைவிரலை முனையில் வைக்கக் கூடாது. பேனாவைத் தலைகீழாகப் பிடித்துத் தன் விரலிலேயே குத்திக்கொண்டவர்கள் உண்டு. பிள்ளை காலை உதறினால் ஊசி தோலைக் கிழித்துவிடும், காலைப் பிடித்துக்கொள்ளவும். போட்டதும் 911. பிள்ளையைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள்; மூச்சுத் திணறினால் உட்காரவைக்கலாம். எழுப்பி நடக்கவைத்து நர்ஸ் அறைக்கு அழைத்துப் போகவே கூடாது.

பெரும்பாலும் தவறு நடப்பது தாமதத்தில். தடிப்பு வந்ததும் அலர்ஜி மருந்தான பெனட்ரில் கொடுத்துக் காத்திருப்பார்கள். அது அரிப்பைக் குறைக்கும். மூச்சுக்குழாய் இறுகுவதையோ ரத்த அழுத்தம் சரிவதையோ நிறுத்தாது. தோலில் தடிப்போடு வாந்தியோ இருமலோ சேர்ந்தால், இரண்டு உறுப்புகள் பாதித்துவிட்டன என்று பொருள், ஊசியைப் போட்டுவிட வேண்டும். "நாக்கு சுணுசுணுன்னு இருக்கு", "தொண்டையில என்னமோ மாட்டியிருக்கு" என்று பிள்ளை தமிழில் சொல்வதை ஆசிரியர் புரிந்துகொள்ள மாட்டார். அந்த இரண்டு வாக்கியத்தையாவது ஆங்கிலத்தில் சொல்லப் பழக்குங்கள். பெயர் குறிப்பிடாத அவசர எபிநெஃப்ரின் ஊசிகளைக் கலிபோர்னியாப் பள்ளிகள் இருப்பு வைக்கச் சட்டம் உண்டு. அதை நம்பி உங்கள் பெட்டியைக் கொடுக்காமல் விடாதீர்கள்.

கே: மகனுக்கு முதல் வகை நீரிழிவு. "504" கேளுங்கள் என்கிறார்கள். அப்படிக் கேட்டால் ஊனமுற்றவன் என்று முத்திரை விழுந்துவிடாதா?

உடல்நலக் குறையுள்ள பிள்ளைக்குப் பள்ளி வசதி செய்துதர வேண்டும் என்னும் 1973 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 504 ஆம் பிரிவு அது. மதிப்பெண் சான்றிதழில் வராது, கல்லூரிக்குப் போகாது, விசாவுக்கும் சம்பந்தமில்லை. முத்திரைக்குப் பயந்து கேட்காமல் விட்ட பெற்றோர்தான், தேர்வு நடுவில் சர்க்கரை இறங்கிய பிள்ளை ஜூஸ் குடிக்க அனுமதி கேட்டு நின்ற கதையைச் சொல்வார்கள்.

காகிதம் மூன்று. மருத்துவர் எழுதும் நீரிழிவு மேலாண்மைத் திட்டம்: எவ்வளவு இன்சுலின், எப்போது, எந்த அளவுக்கு என்ன செய்வது. அதை வைத்து நர்ஸ் எழுதும் உடல்நலத் திட்டம்: யார், எங்கே, எப்படி. மூன்றாவது 504: பள்ளி என்னென்ன செய்யக் கடமைப்பட்டது. கடைசியதைத் தலைமையாசிரியருக்கோ 504 ஒருங்கிணைப்பாளருக்கோ மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் தேதி பதிவாகாது.

504 இல் இவற்றை எழுதவைக்கலாம். எப்போது வேண்டுமானாலும் தண்ணீர், கழிப்பறை, சிற்றுண்டி. தேர்வின்போது சர்க்கரை இறங்கினால் கடிகாரத்தை நிறுத்துவது. சர்க்கரை இறங்கிய பிள்ளையைத் தனியாக நடக்கவிடாமல் பெரியவர் துணையோடு அனுப்புவது, அல்லது வகுப்பிலேயே கவனிப்பது. சர்க்கரையை அளக்கும் சென்சார் கைபேசியோடு இணைந்ததென்றால் கைபேசி எப்போதும் கூடவே இருப்பது. கலிபோர்னியாவின் கைபேசிக் கட்டுப்பாட்டுச் சட்டம் மருத்துவத் தேவைக்கு விலக்குத் தருகிறது; ஆனால் மருத்துவர் அதை எழுதியிருக்க வேண்டும்.

வகுப்பில் ஒரு சின்னப் பெட்டி வையுங்கள். 70க்குக் கீழ் இறங்கினால் 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது. 120 மில்லி ஜூஸ், அல்லது 4 கிராம் குளுகோஸ் மாத்திரை நான்கு. சாக்லேட்டும் முறுக்கும் வேண்டாம், கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் குளுககான் (சர்க்கரையை ஏற்றும் அவசர மருந்து), உடனே 911.

மதிய டப்பாவில்தான் நம்மவர்களுக்குத் தனிச் சிக்கல். பீட்சாவுக்கும் சான்ட்விச்சுக்கும் மாவுச்சத்துக் கணக்கு நர்ஸுக்குத் தெரியும். சேமியா உப்புமாவுக்கும் புளியோதரைக்கும் தெரியாது. வீட்டுத் தராசில் ஒருமுறை எடைபோட்டு, டப்பா மூடியில் எண்ணை மட்டும் எழுதி ஒட்டுங்கள். ஒரு கப் வெந்த வெள்ளைச் சாதம் 45 கிராம். பாதி சாப்பிட்டுவிட்டு மிச்சம் வைக்கும் பிள்ளையென்றால் இரண்டு டப்பாவில் பிரித்து, ஒவ்வொன்றிலும் எண் எழுதுங்கள்.

இன்சுலினை நர்ஸ்தான் போட வேண்டும், அவர் வாரம் இரண்டு நாள்தான் வருவார் என்று பள்ளி சொன்னால் ஏற்க வேண்டாம். பயிற்சி பெற்ற மற்றப் பணியாளரும் போடலாம் என்று 2013 இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

கே: சுற்றுலாவுக்கும், பள்ளி விட்ட பிறகு நடக்கும் வகுப்புக்கும் இந்த ஏற்பாடெல்லாம் பொருந்துமா?

சுற்றுலாவுக்குப் பொருந்தும். மருந்தும் திட்டத்தின் நகலும் பிள்ளையின் குழுவை அழைத்துப்போகும் ஆசிரியர் கையிலேயே இருக்க வேண்டும். பேருந்தின் அடியில் இருக்கும் பெட்டிக்குள் அல்ல. "அம்மாவும் வந்தால்தான் கூட்டிப்போவோம்" என்று நிபந்தனை போட முடியாது. பள்ளி விட்ட பிறகான வகுப்பைப் பெரும்பாலும் வேறு நிறுவனம் நடத்தும். நர்ஸ் அறை மூன்று மணிக்குப் பூட்டிவிட்டால் உள்ளே இருக்கும் ஊசி யாருக்கும் உதவாது. அவர்களிடம் தனிப் படிவம், தனி மருந்துப் பெட்டி கொடுங்கள். மருத்துவரிடம் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போதே இரண்டு பிரதியாக வாங்கிவிட்டால் இன்னொரு நடை மிச்சம்.